ஒன்பது வருடமாகக் கடைசி பெஞ்சில்

வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வெளியில் வரக்கூடாது என்று கேட்டிருந்தார்; அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றிவிட்டேன். வயது 34. காசிமேட்டில் மீனவக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். கணவர் ஆதிதிராவிடர் சமூகத்து இந்து. துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஒன்பது வருடம் முன்னால், இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல், ஒரு சின்ன இந்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் ஒரு புரோக்கர் மூலம் ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆறரை வயதில் ஒரு மகன். மாமியாரும் கூடவே இருக்கிறார்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கவில்லை. திருச்சபை தன்னை விலக்கிவிட்டது என்று நம்புகிறார். “நீ பாவத்துல குடித்தனம் நடத்துற” என்று அவருடைய அம்மா போனில் அழுகிறாராம். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் டியூட்டி என்று சொல்லிவிட்டு, அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். ராத்திரி போர்வைக்குள் சிலுவை போட்டுக்கொள்கிறார். கணவரை மதம் மாற்றாமல் சர்ச்சில் கல்யாணம் நடக்குமா, மகனுக்கு வீட்டுக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுக்கலாமா, கொடுத்தால் அவனுடைய சாதிச் சான்றிதழ் என்னாகும், ஞாயிறு டியூட்டிக்கு என்ன செய்வது, ஆடி மாதம் மாமியாரோடு கூழ் ஊற்றுவது பாவமா என்று கேட்கிறார். கடைசி வரியில் பொட்டு வைக்கலாமா என்றும் ஒரு கேள்வி.

அன்புச் சகோதரி,

நான் சாமியாரும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. ஐகோர்ட்டுக்கு எதிரில் குடும்ப வழக்குகள் பார்க்கிற வக்கீல். உங்கள் கேள்விகளில் பாதி நாட்டுச் சட்டம், பாதி திருச்சபைச் சட்டம். இரண்டையும் ஓரளவு படித்தவள் என்கிற தைரியத்தில் பதில் சொல்கிறேன். பாவமன்னிப்பு மட்டும் என்னிடம் கிடைக்காது; அதற்கு ஃபாதரிடம்தான் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத கேள்வி

முதலில் பீரோவைத் திறந்து உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழை எடுங்கள். அது எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று பாருங்கள். நீங்கள் “ரிஜிஸ்டர் மேரேஜ்” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கோயிலில் தாலி, மறுநாளே பதிவு, நடுவில் ஒரு புரோக்கர் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி என்றால் முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். மறுநாளே வேலை முடிந்ததென்றால், பெரும்பாலும் அது இந்து திருமணச் சட்டமாக இருக்கும். அந்தச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு நடுவில் நடக்கிற திருமணத்துக்கு மட்டுமானது. ஒருவர் கத்தோலிக்கர், இன்னொருவர் இந்து என்ற ஒரு வழக்கில், அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008ல் தீர்ப்பளித்திருக்கிறது. புரோக்கர் படிவத்தில் உங்கள் மதம் என்ன என்று எழுதினார் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

பயப்பட வேண்டாம், இதைச் சரி செய்ய வழி இருக்கிறது. ஏற்கெனவே சடங்கு நடந்து சேர்ந்து வாழ்கிறவர்கள், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழ் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். இதற்கும் முப்பது நாள் அறிவிப்பு உண்டு. அப்படிப் பதிவானால், சடங்கு நடந்த தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். ஃபீஸ் கட்ட வசதி இல்லையென்றால், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். ஐகோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சான்றிதழில் சிறப்புத் திருமணச் சட்டம் என்றே போட்டிருந்தால் இந்தப் பகுதியை மறந்துவிடுங்கள்.

யாரும் உங்களை விலக்கவில்லை

1983ல் வந்த, இப்போது நடைமுறையில் இருக்கிற திருச்சபைச் சட்டத்தில், ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒருவரைச் சபைக்குப் புறம்பாக்குகிற தண்டனை கிடையாது. கேள்விப்பட்டதை வைத்து நீங்களே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டீர்கள். ஒன்பது வருடம் அப்பீலும் போகவில்லை.

ஆனால் ஒன்று உண்மை. ஒரு கத்தோலிக்கர் ஞானஸ்நானம் பெறாதவரை மணந்தால் ஆயரின் (பிஷப்பின்) விதிவிலக்கு வேண்டும். குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் சம்மதம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாததால் திருச்சபைக் கணக்கில் உங்கள் திருமணம் இன்னும் ஏறவில்லை. அது சரியாகும்வரை நன்மை வாங்காமல் இருப்பதுதான் முறை, அதை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். மற்றபடி பூசை, செபமாலை, சாம்பல் புதன், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டம் எதற்கும் உங்களுக்குத் தடையில்லை. சொல்லப்போனால் ஞாயிறு பூசைக் கடன் உங்களுக்கும் இருக்கிறது. விலக்கப்பட்டவள் என்று நினைத்து அதிலிருந்து நீங்களாகவே விடுப்பு எடுத்துக்கொண்டீர்கள்.

அம்மா சொல்வதைக் கேட்டு நீங்களும் அழ வேண்டாம். கிறிஸ்துவை அறியாத கணவனோடு வாழும் மனைவிகளுக்கு, கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் ஏழாம் அதிகாரத்தில் புனித பவுல் சொல்வதை அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அப்படிப்பட்ட கணவன் மனைவியால் தூய்மையாக்கப்படுகிறான் என்கிறார் அவர். காசிமேட்டு அம்மாக்கள் மகள் பேச்சைக் கேட்க மாட்டார்கள், சின்னப்பர் (பவுலைத்தான் அப்படிச் சொல்வோம்) பேச்சைக் கேட்பார்கள்.

கணவர் மதம் மாற வேண்டியதில்லை

அவர் ஞானஸ்நானம் வாங்க வேண்டாம், பிள்ளைகளை வளர்ப்பது பற்றி எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம். வாக்குக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்: என் விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்த அளவு முயல்வேன் என்று. இப்படி ஒரு வாக்கு கொடுத்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திருமணம் என்பது ஆயுசுக்கும் ஒருவனுக்கு ஒருத்தி என்கிற அடிப்படையை இருவருக்கும் விளக்குவார்கள். விண்ணப்பத்தைப் பங்குத்தந்தை (உங்கள் பகுதிக் கோயிலின் குரு) சாந்தோமில் இருக்கிற பேராயர் இல்லத்துக்கு அனுப்புவார்.

அனுமதி வந்தபின், குருவும் இரண்டு சாட்சிகளும் இருக்க, நீங்கள் இருவரும் சம்மதம் சொன்னால் முடிந்தது. மேளமோ ஊர்ச் சாப்பாடோ தேவையில்லை. சாயங்காலம் ஆறு பேரோடு முடித்த கல்யாணங்களுக்கு நானே சாட்சியாகப் போயிருக்கிறேன். அரசாங்கக் கணக்கில் உங்கள் திருமணம் ஒழுங்காக இருந்தால், கோயிலில் நடப்பதை இன்னொரு தடவை புதுத் திருமணமாகப் பதிவு செய்யாதீர்கள். இரண்டு தேதியில் இரண்டு சான்றிதழ் என்பது பின்னால் பாஸ்போர்ட்டிலோ பென்ஷனிலோ வந்து நிற்கும்.

கோயிலில் வந்து நிற்க அவருக்குத் தயக்கம் என்றால் இன்னொரு வழி உண்டு. நீங்கள் இருவரும் அன்றைக்குச் சொன்ன சம்மதம் இன்றும் உறுதியாக இருக்கிறது என்று ஆயருக்குத் தெரிந்தால், மறுபடி சடங்கே இல்லாமல் அந்தத் திருமணத்தை ஆரம்பத்திலிருந்தே செல்லுபடியாக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. கனமான காரணம் இருந்தால் கணவன் மனைவியில் ஒருவருக்குத் தெரியாமலேகூட இதைக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது.

இதைப் படித்ததும் உங்கள் கண் அந்தக் கடைசி வரியில்தான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். நாலு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவர் எதையாவது மறுத்ததாக ஒரு வரிகூட இல்லை, தேடிப் பார்த்தேன். “அவர்கிட்ட இன்னும் பேசல” என்பது மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. அடிக்கிற, குடிக்கிற, கோயில் பெயரைச் சொன்னாலே ஆடுகிற ஆள் என்றால் என் பதில் வேறு. இங்கே கனமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மகனும் சான்றிதழும்

இதுதான் உங்கள் கடிதத்திலேயே கஷ்டமான கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1950ஆம் வருடத்துப் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். சீக்கியரை 1956லும் பௌத்தரை 1990லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. இது அநியாயம் என்பது என் கருத்து. ஞானஸ்நானத் தொட்டியில் சாதி கரைந்துவிடுகிறது என்று நம்புகிறவர், தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களே சாதிக்கொன்றாக இரண்டு கல்லறை வைத்திருக்கிற ஊர்களை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே இந்தத் தடையை நீக்கச் சொன்னது. இந்தத் தடையை எதிர்த்த வழக்கு 2004லிருந்து உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2022ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆனால் உங்கள் பையன் இதற்கெல்லாம் முடிவு வரும்வரை ஒன்றாம் வகுப்பில் காத்திருக்க முடியாது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தந்தை இந்து, தாய் கிறிஸ்தவர், மகளுக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம். அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். விசுவாசத்தில் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று மறுத்துவிட்டார்கள். கோயில் ஞானஸ்நானப் பதிவேடே அங்கே ஆதாரமாக வந்து நின்றது.

அதனால் “யாருக்கும் தெரியாமல்” என்கிற யோசனையை விட்டுவிடுங்கள். கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் நம் பக்கம் எத்தனையோ உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நிலைமைக்கு அவர்களைத் தள்ளியது சட்டம். ஆனால் பிடிபட்டால் சீட்டோ வேலையோ இழப்பது அந்தப் பிள்ளை. அதோடு, இந்தச் சான்றிதழ் உங்கள் கணவரின் குடும்பம் தலைமுறையாகப் பட்ட அவமானத்துக்கு அரசு கொடுக்கிற சின்ன ஈடு. அவருக்குத் தெரியாமல் அதை மகனிடமிருந்து எடுத்துவிட உங்களுக்கு உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஞானஸ்நானம் வாங்கினால் பையனுக்கு எதுவுமே கிடைக்காது என்று நினைக்காதீர்கள். கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவரின் சமூகத்தைக் கோரலாம் என்பது தமிழ்நாட்டு நடைமுறை. மீனவர் சமூகம், கிறிஸ்தவர்களாக மாறியவர்களையும் சேர்த்தே, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது; அந்தப் பிரிவுக்கு மாநிலத்தில் 20 சதவீதம். பட்டியல் சாதிக்கான உதவித்தொகையும் மற்ற பாதுகாப்புகளும் இதற்கு ஈடாகாது, ஆனால் வெறுங்கையும் இல்லை. பையனுக்கு ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா, யார் பெயரில் வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை வைத்துத்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் அடுத்து என்ன என்று சொல்ல முடியும்.

திருச்சபைச் சட்டப்படி குழந்தை ஞானஸ்நானத்துக்குத் தாய் தந்தையில் ஒருவர் சம்மதம் போதும். கத்தோலிக்கராக வளர்ப்பார்கள் என்கிற நம்பிக்கைக்கு அடிப்படையும் இருக்க வேண்டும். பையனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டால் விவரம் தெரிந்தவன் கணக்கில் வருவான். அப்புறம் அவனே விரும்பி, ஞானோபதேசம் (மறைக்கல்வி) படித்து வர வேண்டும். ஆறு மாதம் இருக்கிறதே என்று இதைக் கேட்டு ஓடாதீர்கள். ஏழுக்கு மேல் கதவு மூடுவதில்லை, போகிற வழிதான் மாறுகிறது. நீங்கள் கொடுக்கும் வாக்கும் “என்னால் முடிந்த அளவு” என்பதுதான். மனசாரப் பேசிப் பார்த்தும், சான்றிதழை நினைத்து அவர் இப்போதைக்கு வேண்டாம் என்றால், பையன் பெரியவனாகித் தானே முடிவெடுக்கட்டும் என்று இருவரும் தள்ளிப்போட்டால், நீங்கள் வாக்குத் தவறியவர் ஆக மாட்டீர்கள். இதைப் பங்குத்தந்தையிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஞாயிறு, கூழ், போர்வை

ஞாயிறு டியூட்டி பற்றி நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிறு கடனுக்குச் சேரும். அதுவும் முடியாமல், நோயாளிகளுக்கான வேலை என்பதால் தவறினால் அது பாவமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ஞாயிறுக்குப் பதிலாகாது. அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார், சனிக்கிழமைக்கு மாறுங்கள்.

கூழ் விஷயத்துக்கும் பவுலிடமே பதில் உண்டு. படைத்த உணவு பற்றி அதே கடிதத்தில் பேசுகிறார். அம்மனைக் கும்பிடுவது உங்கள் வழிபாடு இல்லை, அதில் நீங்கள் சேர வேண்டாம். கேழ்வரகு கரைப்பதும், வெங்காயம் நறுக்குவதும், தெருப்பிள்ளைகளுக்கு ஊற்றுவதும் வழிபாடு இல்லை. உங்கள் மாமியார் செவ்வாய் வெள்ளியில் கவுச்சி தொட மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தவக்கால வெள்ளியில் நீங்கள் சுத்தபோசனம் என்றால் அதற்கு விளக்கம் கேட்காத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். பிப்ரவரியில் பெரம்பூர் லூர்து மாதா தேருக்கு வருடம் தவறாமல் போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள், போகிற போக்கில். அவருக்குப் பயந்துதான் நீங்கள் டியூட்டி என்று பொய் சொல்கிறீர்கள்!

கடிதத்தில் என்னை நிறுத்தியது போர்வைதான். “ஏம்மா மறைச்சுப் போடுற?” என்று மகன் கேட்டான், தூங்குடா என்று சொல்லிவிட்டேன் என்கிறீர்கள். ஞானஸ்நானம் எப்போது என்று யோசிக்கிறீர்கள், ஆனால் ஞானோபதேசம் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. சாமி கும்பிடுவது ஒளிந்து செய்கிற காரியம் என்பது அவனுக்கு முதல் பாடம். இன்றைக்கு ராத்திரி போர்வைக்கு வெளியே போடுங்கள். அவன் கேட்டால் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக் காட்டுங்கள், அவன் அப்பா கட்டிலில் இருக்கும்போதே. அப்புறம் அவரிடம் பேச்சை ஆரம்பிக்க வேறு முகாந்திரம் தேட வேண்டியிருக்காது.

அவரிடம் பேசிய பிறகு, காசிமேட்டில் உங்கள் பழைய பங்கில் ஞானஸ்நானச் சான்றிதழின் புதுப் பிரதி வாங்குங்கள். சின்ன வயதில் எடுத்தது செல்லாது என்பார்கள். அதோடு திருமணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, இப்போது குடியிருக்கும் பங்கின் தந்தையைப் பாருங்கள், முடிந்தால் இருவராக. ஒரு ஃபாதர் கடுகடு என்று பேசினால் கோயிலையே விட்டுவிடாதீர்கள், இன்னொரு நாள் போங்கள். கோர்ட்டிலும் நாங்கள் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பத்தான் செய்கிறோம்.

பொட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராயபுரம் ராயப்பர் கோயிலில் காலைப் பூசைக்கு வருகிற அம்மாக்களின் நெற்றியைப் பாருங்கள்.